கிழக்கு அறையில் ஒரு மேஜை

மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க எங்கள் குடும்பமே ஷேர் ஆட்டோ பிடித்து கே.ஜி.கண்டிகைக்குப் போய் வந்தது. அந்த வீட்டில் காலமெல்லாம் இருக்கப்போகிற நான் மட்டும் திருத்தணியில் உட்கார்ந்திருந்தேன். தாலி ஏறும்வரை பெண் அந்த வாசலை மிதிக்கக் கூடாதாம். செருப்பைக்கூடக் காலில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம்!

"வீடு எப்டி கீது நைனா?"

"சூப்பரும்மா ஷோபனா. ஆறு மாடு தாராளமா கட்லாம். போர்ல தண்ணி கொட்டுது."

எங்கள் நைனா கஜபதியின் கண்ணுக்கு மாட்டையும் தண்ணீரையும் தாண்டி எதுவும் தெரியாது. எனக்கு வேண்டியதோ மேஜை போட ஓர் இடம். நான் பொம்மை வீடு செய்கிறவள். பிளைவுட்டில் சுவர், ஐஸ் குச்சியில் ஜன்னல், பொதட்டூர்பேட்டைத் தறிகளில் மிஞ்சும் லுங்கித் துணியில் திரைச்சீலை, உள்ளே விரல் நீளத்துக்குத் துணிப் பொம்மைகள். செய்ததெல்லாம் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்விடும். ரம்பமும் பசையும் மரத்தூளுமான வேலை. கட்டில் மேல் வைத்துச் செய்ய முடியாது. இடம் இல்லையென்றால் தொழில் இல்லை. தொழிலை விட்டுத்தான் கல்யாணம் என்றால் அப்படி ஒரு கல்யாணமே எனக்கு வேண்டாம்.

மாப்பிள்ளை பூபாலனிடம் போனில் கேட்டேன். "அம்மாவ கேக்கணும்" என்றார். சரி, வீட்டையாவது போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். எல்லாப் படத்திலும் அவருடைய பைக் நடுவில் நின்றது. ஆனாலும் ஒன்று தெரிந்தது. தெருப் பக்கம் கிழக்கு பார்த்த அறை, பெரிய ஜன்னல், உள்ளே வேர்க்கடலை மூட்டைகள். மூட்டைக்கு எதற்குக் காலை வெயில்?

வாயால் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், கண்ணால் பார்த்தால் யோசிப்பார்கள் என்று அந்த வீட்டையே செய்துவிட்டேன். கொட்டகை, மாடு, போர் பம்ப், பைக் எல்லாம் வைத்தேன். கிழக்கு அறையில் மூட்டைகளுக்குப் பதில் மேஜை. மேஜை முன்னால் நான். வாசலில் பூபாலன்.

நிச்சயத்தன்று அதைக் கூடத்தில் வைத்தேன். வருங்கால மாமியார் சுலோச்சனா தாம்பாளத்தைக் கீழே வைத்ததும் நேராக அதனிடம் போனார்.

"ஐய, நம்ம வூடு! டேய் பூபாலா, உன் பைக்கு கூட கீதுடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் குனிந்து கிழக்கு அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இங்க யாரு?"

"நான்தான் அத்தை."

"வாசல்ல?"

"அவரு."

"ஆங். அப்போ நான் எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டுக்குக் கொம்புகூட மறக்காமல் வைத்தவள், அந்த வீட்டுக்காரியை வைக்கவில்லை. நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மறந்துட்டேன் அத்தை" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இப்பவே செய். பாத்துகினு கீறேன்."

பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தேன். துணியும் பஞ்சும் வைத்திருந்த பெட்டியை இழுத்துத் திறந்தேன். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பச்சைக் கட்டம் போட்ட துணியைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். "கொண்ட இன்னும் பெருசு" என்றார். "நான் இவ்ளோ குண்டா?" என்று பொய்க்கோபத்தோடு பஞ்சைப் பிடுங்கினார். பிறகு அவரே திணிக்க ஆரம்பித்தார்; நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, சுற்றியிருந்த கூட்டத்தையே மறந்து.

முடிந்ததும் பொம்மையைச் சமையலறையில் அடுப்பு முன்னால் நிறுத்தினேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"கட்டிகினு வந்த நாள்லேர்ந்து அங்கதான் நின்னுகினு கீறேன். பொம்ம வூட்லயும் அங்கயேவா?"

பொம்மையை எடுத்துக் கிழக்கு அறையில், மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார். வாசலில் நின்ற பூபாலனைத் தூக்கி அடுப்பு முன்னால் நிறுத்தினார். நிஜப் பூபாலன் குனிந்து, அடுப்பு முன்னால் நின்ற தன்னைப் பார்த்தார்.

"மூட்டைய கொட்டாய்ல போட்டுக்கலாம்" என்றார் என் மாமியார். "மேஜைய மட்டும் கொஞ்சம் பெருசா போடும்மா. ரெண்டு பேரு உக்காரணும்."