சீவ ஒன்றுமில்லாத கூடுகள்

வெர்லின் வலது கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டுதான் கிளென்னாவின் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தார். உள்ளே எலி புகுந்த மாதிரி பை ஆடிக்கொண்டிருந்தது. யாரை ஏமாற்ற? மொன்டானாவின் அந்தச் சின்ன ஊரில் அவர் கை நடுங்குவது தபால்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாத மாதிரி எல்லோரும் நடித்தார்கள். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

பின்னாலேயே தம்பி டெல்மார், துணிப்பை நிறைய வெற்றுத் தோட்டாக் கூடுகளோடு வந்தார். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அண்ணனுக்கு எல்லா இடத்துக்கும் அவர்தான் துணை.

"கிளென்னா, கூடு சீவுற டிரிம்மர் ஒண்ணு காட்டும்மா. வீட்டுல இருக்கற கைப்பிடி மிஷின் இனிமே எனக்கு ஆகாது," என்றார் வெர்லின்.

"அந்த மிஷினுக்கு என்ன கேடு? உங்க கைதான..." என்று ஆரம்பித்த டெல்மார் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லேன்டா. கைதான் கேடு. ஊருக்கே தெரியும்."

பித்தளைக் கூடு ஒவ்வொரு தடவை சுடும்போதும் கொஞ்சம் நீளும். நீண்ட கழுத்தைச் சீவிவிட்டுத்தான் மறுபடி வெடிமருந்தும் குண்டும் அடைக்க வேண்டும். சீவாமல் விட்டால் கழுத்து குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். அதிர்ஷ்டம் இருந்தால் துப்பாக்கியின் போல்ட், அந்தப் பின்பக்கத் தாழ்ப்பாள், மட்டும் மாட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் சுடுகிறவன் முகம் போய்விடும்.

போன வருஷம் எல்க் மான் வேட்டையில் டெல்மாருக்கு போல்ட் மாட்டிக்கொண்டது. பூட்ஸ் காலால் மிதித்துத்தான் திறந்தார்கள். "மண்ணு புகுந்திருக்கும்ணே" என்று தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார். வெர்லினுக்குத் தெரியும், மண்ணாவது மண்ணாங்கட்டியாவது! கை ஒத்துழைக்காத ஒரு நாள், கடைசிக் கொஞ்சம் கூடுகளைச் சீவாமலே அடைத்திருந்தார்.

அந்த ஊரில் ஒருவன் தன் டிரக்கைக் கொடுப்பான், நாயைக் கொடுப்பான், கேட்டால் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுப்பான். ஆனால் அடுத்தவன் அடைத்த தோட்டாவை மட்டும் தன் துப்பாக்கியில் போடமாட்டான். அப்பேர்ப்பட்ட ஊரில், மீசை முளைத்த நாளிலிருந்து டெல்மார் சுட்டதெல்லாம் அண்ணன் அடைத்த தோட்டா. வெர்லினின் மனைவி போய்ச் சேர்ந்தாள், மாடுகளை விற்றாயிற்று, டிரக் சாவியும் கைமாறிவிட்டது. அவரிடம் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்: தம்பி அவர் அடைத்த தோட்டாவை நம்பித் துப்பாக்கியில் கன்னத்தை வைப்பது. இதுவும் போய்விட்டால் டிவி முன்னால் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கிளென்னா மூன்றை எடுத்து வைத்தாள். கையால் சுற்றுவதை வெர்லினே தள்ளிவிட்டார். டிரில்லில் மாட்டுகிறது இரண்டாவது. அதற்கும் ஒரு கை டிரில்லைப் பிடித்தாக வேண்டுமே! மூன்றாவது, மேஜையில் திருகிவைக்கிற மோட்டார் மிஷின்.

"பெரியவரே, இதுல கூட்டை நுழைச்சு அமுக்கினா போதும். கை ஆடினாலும் பிளேடு ஆடாது. கூட்டை எல்லாம் அச்சுல அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டாந்தாச்சா? அமுக்காம சீவுனா அளவு தப்பிடும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? போன வாரம் பூரா அதான் வேலை."

"எதுக்குண்ணே இவ்ளோ பெரிய மிஷின்? அப்புறம் பாத்துக்கலாம், வாங்க. சாப்பாட்டுக் கடையில சில்லிக் குழம்பு ஆறிப்போச்சுன்னா அந்தக் கடைக்காரன் சூடு பண்ணித் தரமாட்டான்."

"சில்லி எங்கயும் ஓடிடாது. பையைக் குடு."

டெல்மார் பையைக் கொடுக்கவில்லை. வெர்லின்தான் பிடுங்கினார்.

மோட்டார் உறுமியது. முழங்கையை மேஜையில் ஊன்றி ஒரு கூட்டை உள்ளே நுழைத்தார். ஆச்சரியம், கை அடங்கியே இருந்தது! ஆனால் தூள் ஒன்றும் விழவில்லை. இன்னொன்றை நுழைத்தார், அதிலும் இல்லை. மூன்றாவதிலும் பிளேடு காற்றில்தான் சுற்றியது.

"அளவு சரியா வைக்கலையா கிளென்னா?"

அவள் தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய கூட்டை எடுத்து நுழைத்தாள். பொன்னாய்ப் பித்தளைத் தூள் கொட்டியது. பிறகு வெர்லினின் கூட்டை வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தாள்.

"இது நீளவே இல்லையே. கடைத் தோட்டா, ஒரே தடவ சுட்டது. இதுல என்னத்தைச் சீவ..."

டெல்மாரின் முகத்தைப் பார்த்ததும் அவள் நிறுத்திவிட்டாள். அந்தத் தோட்டாப் பெட்டிகளை அவருக்கு விற்றவளே அவள்தான். மோட்டாரை அணைத்தாள்.

வெர்லின் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வழக்கமாக வைத்திருக்கும் அதே கம்பெனி முத்திரை.

"எல்லாம் உங்க கூடுதாண்ணேன்னு சொல்லித்தானடா குடுத்த?"

டெல்மார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கோடை பூரா, அண்ணன் தோட்டான்னா சும்மாவா, எப்படிப் போய்த் தைக்குது பாருங்கன்னு குறி அட்டையைக் கொண்டாந்து காட்டுனியே. அது யாரு தோட்டா?"

"கடைத் தோட்டாண்ணே."

"என்னோடது எங்க?"

"கொட்டகையில இருக்கு. ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடல. பத்திரமா அடுக்கி வச்சிருக்கேன்."

பத்திரமாக! தூக்கிப்போட மனசில்லாமல் கிழிந்த படத்தை எடுத்துவைக்கிற மாதிரி எடுத்துவைத்திருக்கிறான்.

"அதே கம்பெனியாப் பாத்து வாங்கியிருக்க, நான் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு."

"நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு பயந்தேன்ணே. அந்த போல்ட் மாட்டுன நாள்லேர்ந்து... எனக்குக் கண்ணு வேணும்ல?"

வெர்லினுக்குக் கோபம் வந்திருந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். தம்பி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"பெரியவரே," என்றாள் கிளென்னா தாழ்ந்த குரலில், "எந்த மிஷினைக் கட்டித் தரட்டும்?"

"எதைச் சீவறதுக்கும்மா?"

பையை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். டிரக்கில் ஏறி சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டினார், கொக்கி பிடிபடவில்லை. டெல்மார் குனிந்து மாட்டிவிட்டார். வேறு நாளாக இருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார்.

"அடுத்த வாரம் வேட்டை சீசன் தொறக்குது," என்றார் டெல்மார், சாவியைத் திருப்பாமல். "வருவீங்கள்ல? உங்க தோட்டாவை நீங்க எடுத்துக்கங்க. நான் என்னோடதைச் சுடறேன்."

வெர்லின் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். இப்போது பைக்குள் ஒளிக்கவில்லை. அவை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

"வேணாம்டா," என்றார். "எனக்கே அதைச் சுட பயமா இருக்கு."