பச்சை பூசிய தெரு

கம்ப்யூட்டர் திரையில் விரிந்த வரைபடத்தில் அவளுடைய தெரு பச்சையாக இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள், ஒழுகும் ஒரு கூரைக்குக் கீழே கை கால் விழுந்து படுத்திருக்கும் அப்பா, எல்லாவற்றின் மேலும் புல்வெளி.

கண்ணை மூடித் திறப்பதற்குள் வீங்கிவிட்ட புறநகர் அது. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை என்று நகராட்சி ஒரு நிலத் திட்டம் போட்டது. வட்டாரக் குழு பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். குழுவோ, படத்தில் பச்சையாகக் காட்டும் திறந்தவெளி போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. நகராட்சித் திட்டப் பிரிவின் டைரக்டர் யோசித்தார். பக்கத்திலிருக்கும் பில்டரின் காலிமனையைத் தொட்டால் வக்கீல் வருவார். இந்தத் தெருவைத் தொட்டால் எந்த நாய் வரும்? பூசு பச்சையை.

பச்சை பூசினால் நாளைக்கே இடிக்க வரமாட்டார்கள். அதைவிட நாசூக்கான வேலை இது. புதிதாக ஒரு செங்கல் வைக்க அனுமதி கிடையாது, கூரை மாற்ற அனுமதி கிடையாது. வீடு தானாகவே விழும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

அவள் அந்த ஆபீசில் வரைபடம் போடுகிறவள். போன மழையில் முழங்கால் தண்ணீர் நின்ற அதே காலிமனைக்குப் பச்சை, தெருவுக்குக் குடியிருப்பைக் காட்டும் மஞ்சள் என்று இரண்டாவது படம் ஒன்று போட்டாள். குழு கேட்ட அளவு அப்படியே பொருந்தியது. டைரக்டர் முகத்தைச் சுளித்தார். ஆனால் குழு மறுபடி திருப்பி அனுப்பினால் தன் தலைதான் உருளும் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் அவள் மறைத்தாள். சொந்த வீடு இருக்கும் பகுதியின் படத்தை அலுவலர் தொடக்கூடாது என்பது விதி. வேறு யாராவது தொட்டிருந்தால் அவள் ஏன் தொடப்போகிறாள்? அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "கூட்டத்துப் பக்கம் தலைகாட்டிடாதே. மத்தவங்க பேசிக்குவாங்க."

கூட்டத்தன்று குழுத் தலைவி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டாவதுதான் சரின்னு படுது. தண்ணி நிக்கிற இடத்தை விட்டுட்டு ஆளுங்க இருக்கிற இடத்தை ஏன் திறந்தவெளியாக்கணும்?"

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"பொதுமக்கள் யாராவது பேசணுமா?"

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துச் சீருடை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள் அம்மா.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் படிப்பு கிடையாது. ஆனா அந்த ரெண்டாவது படம் தப்பா இருக்காதுங்க. அதோ, கம்ப்யூட்டர்கிட்ட நிக்கிறாளே, அவ போட்டது. என் பொண்ணு. எங்க தெருவுலயே முதல் பட்டதாரி!"

கூட்டம் சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். பில்டரின் வக்கீல் தட்டவில்லை, எழுந்து நின்றார். "அளவு ஏன் இவ்வளவு கச்சிதமா பொருந்துதுன்னு இப்ப புரியுதா மேடம்? வீட்டுல உக்காந்து போட்ட கணக்கு."

"அந்தத் தெருவுல உங்க வீடு இருக்கா?" என்றார் தலைவி.

அவள் டைரக்டரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு மேடம். ஆனா அளவு பொய்யில்ல. வேற ஆளை விட்டு அளந்து பாருங்க. என் வீடு அங்க இருந்தா, தண்ணி வேற இடத்துக்குப் போயிடுமா?"

"போகாது." தலைவியின் குரலில் வருத்தம் இருந்தது, அது யாருக்கும் உதவாத வருத்தம். "ஆனா நீங்க போட்ட படத்தை நான் இனிமே கணக்குல எடுக்க முடியாது. வெளிய இருங்க."

வெளியே வராந்தாவில் அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "என்னடி, டீ குடிக்க விட்டாங்களா?"

"துரத்திட்டாங்க."

"எதுக்கு?"

சொன்னாள். ஒன்றையும் மிச்சம் வைக்காமல், பூசி மெழுகாமல், கோபத்தோடு சொன்னாள். முதல் படம்தான் இன்றைக்கு நிறைவேறும், கூரையில் இனி கை வைக்க முடியாது என்று சொன்னாள்.

அம்மாவின் சிரிப்பு போக இடமில்லாமல் முகத்திலேயே நின்றது. "அப்ப அப்பா?"

"நனைவாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது சுட்டது.

"உன்னை அத்தனை பேருக்கு முன்னால பார்த்ததும் வாய் சும்மா இருக்கலடி." அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சட்டென்று திரும்பினாள். "நான் உள்ள போயி, நீ என் பொண்ணே இல்லைன்னு சொல்லிடறேன். கண்ணு சரியா தெரியல, வேற யாரையோ நினைச்சுச் சொல்லிட்டேன்னு."

"நம்ப மாட்டாங்கம்மா. வீடு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்டேன்."

"சத்தியம் பண்றேன். உன் தலைமேல பண்றேன்."

பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். படித்தவளுக்கு அது தெரியும். உள்ளே இன்னும் வாக்கெடுப்பு முடியவில்லை. அவள் நகர்ந்து வழி விட்டாள். அம்மா சீருடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு கதவைத் தள்ளினாள்.