மூன்று நிமிடமும் ஸ்பீக்கரில்

என் சலூனில் மூன்று நாற்காலிகள். ஒன்று சுற்றாது, ஒன்று சுற்ற ஆரம்பித்தால் நிற்காது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சமுள்ள ஒரே நாற்காலிக்காக ஏழெட்டுப் பேர் பெஞ்சில் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. எனக்கோ பிறந்ததிலிருந்தே சும்மா இருந்ததில்லை.

ஒரு கையில் கத்தரி, மறு கையில் சீப்பு. போன் வந்தால் எப்படி எடுப்பது? சுண்டுவிரலால் ஒரு தட்டு, ஸ்பீக்கர். பல வருஷப் பழக்கம் அது. என் கடைக்கு வருகிற போன் எல்லாம் பெஞ்சு முழுக்கக் கேட்கும். என் மச்சானுக்கு மூலம் என்பது அவன் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னால் என் வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். நான் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை, கடை கலகலவென்று இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

எனக்கு ஒரே பையன். வீட்டிலும் கடையிலும் அவனுக்கு வாலு என்று பெயர். பதினேழரை வயது. பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டுக் குப்புறப் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தரியைத் தொடச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். "பட்டாளத்துக்குப் போடா, அங்க போனாத்தான் முதுகு நிமிரும்" என்றேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பதினெட்டு ஆகாததால் அப்பாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நீட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வாரத்துக்கு ஒரே அழைப்பு. ஞாயிறு காலை பதினொரு மணி, மூன்று நிமிடம், முன்கூட்டியே எழுதிக்கொடுத்த ஒரே எண்ணுக்கு. என் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, உள்ளே போனை விடமாட்டார்கள். அதனால் அவளுக்கு மகன் பேச்சு எல்லாம் சாயங்காலம் என் வாய் வழியாகத்தான் போய்ச் சேரும். நான் கொஞ்சம் உப்பு, காரம் சேர்த்துத்தான் சொல்வேன்.

முதல் ஐந்து ஞாயிறும் திருவிழாதான். மணி பதினொன்று அடிக்கும்போது பெஞ்சே நிமிர்ந்து உட்காரும். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடி வெட்டிக்கொள்ளாமல் வெறுமனே போனுக்காகவே வருவார். "இன்னிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினே?" என்று அவர் கேட்பார். ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருக்கிறார், நாங்கள் பென்ஷன் என்று கூப்பிடுவோம். அவருக்குத் துப்பாக்கி ஒன்றுதான் கவலை. "குடுத்தாங்களா, இல்லையா?" என்பார். பையன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான். மூன்று நிமிடத்தில் என் பங்கு எவ்வளவு என்று நான் பார்த்ததில்லை. பெருமையில் மனசு நிறைந்திருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

ஆறாவது ஞாயிறு. பென்ஷன் நாற்காலியில், பாதி முகத்தில் நுரையோடு. போன் அடித்தது. தட்டினேன்.

"அப்பா."

"சொல்றா வாலு! எல்லாரும் இங்கதான் இருக்கோம்!"

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ எண்ணுவது கேட்டது, அதற்கேற்பப் பூட்ஸ் காலடிகள் கேட்டன.

"அப்பா, ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க."

கடை "ஓ" என்றது. "யாருடா அந்தப் பொண்ணு?" என்றார் கண்ணாடிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொய் எதற்கு, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான்.

"எங்ககிட்ட என்னடா ரகசியம்? எல்லாம் நம்ம ஆளுங்கதான். சும்மா சொல்லு."

"கொஞ்சம் வெளிய வந்து பேசுங்கப்பா. ஒரு நிமிஷம்."

"கையில பிளேடு இருக்குடா. பென்ஷனோட கழுத்து என் கையில. உன்கூட வெளிய வந்தா மனுஷன் பாதி தாடியோட பஸ் ஏறிடுவாரு."

மறுபடி சிரிப்பு. பையன் மென்று முழுங்கியது ஸ்பீக்கரில் தெளிவாகவே கேட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"ஒண்ணும் இல்லப்பா. நல்லா இருக்கேன். சாப்பாடு நல்லா இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"எத்தனை கிலோமீட்டர்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"பத்து சார்."

நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது. நான் பென்ஷனின் மறு கன்னத்துக்குப் போனேன்.

சாயங்காலம் இதை ஒரு நகைச்சுவையாகவே மனைவியிடம் சொன்னேன். பிளேடு, கழுத்து, பாதி தாடி எல்லாம் வரிசையாக வந்தன. அவள் சிரிக்கவில்லை.

"ஆஃப் பண்ணீங்களா?"

"கையில பிளேடு இருந்துச்சும்மா."

"ஆஃப் பண்ணீங்களான்னு கேட்டேன்."

அவள் அலமாரியிலிருந்து முகாம்காரர்கள் கொடுத்த படிவத்தின் நகலை எடுத்து வந்தாள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்கள். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்து உரக்கப் படித்தாள். சேர்ந்த நாற்பது நாட்களுக்குள், பயிற்சி பெறுபவர் தாமே விண்ணப்பித்து, சம்மதம் அளித்த பெற்றோரும் ஒப்புக்கொண்டால் விலகலாம். அதன் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு விலக இயலாது.

காலண்டரில் எண்ணினாள். "இன்னிக்கு முப்பத்தெட்டு. அடுத்த ஞாயிறு நாப்பத்தஞ்சு. அவன் என்ன சொல்ல வந்தான்னு இப்பவாவது புரியுதா?"

புரிந்தது. அழைத்த எண்ணுக்கே ஒன்பது தடவை போட்டுப் பார்த்தேன். இந்த எண்ணுக்கு அழைப்புகள் ஏற்கப்படுவதில்லை என்று ஒரு பெண் குரல் ஒன்பது தடவையும் சலிக்காமல் சொன்னது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் என் பிள்ளை கெட்டான்.

திங்கட்கிழமை கடையைத் திறக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து நாலு மணி நேரம் போனேன். முகாம் வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறை, அதில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் எழுத்தர். பேசுவதற்கு வைத்திருக்கும் துளை இடுப்பு உயரத்தில் இருந்தது. யார் வந்தாலும் குனிந்துதான் பேசவேண்டும். எனக்குப் பின்னால் வேறு நாலைந்து பேர் காகிதங்களோடு நின்றார்கள். பக்கத்து ஜன்னலில் மைதானம் தெரிந்தது. இருநூறு மொட்டைத் தலைகள் ஓடிக்கொண்டிருந்தன. என் பையனுக்கு உச்சியில் இரட்டைச் சுழி. முதல் முடியிலிருந்து அந்தத் தலையை நான்தான் வெட்டியிருக்கிறேன், கூட்டத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் எல்லாத் தலையும் ஒரே தலையாக இருந்தது.

"இப்பப் பாக்க அனுமதி இல்ல" என்றார் எழுத்தர்.

"பாக்க வரல சார். கையெழுத்துப் போட வந்தேன். பையன் விலகறதுக்கு நான் சம்மதிக்கிறேன்."

பையனின் பயிற்சி எண்ணைக் கேட்டார். பதிவேட்டைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமை விண்ணப்பம் குடுத்திருக்காரு."

எனக்கு உயிர் வந்தது. "எங்க சார் போடணும்?"

"இருங்க. நேத்து பதினொண்ணே காலுக்கு அவரே வாபஸ் வாங்கிட்டாரு. ஒரு தடவை வாபஸ் வாங்கினா மறுபடி குடுக்க முடியாது."

பதினொன்றே கால். நான் பென்ஷனுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த நேரம்.

"எதுக்கு வாபஸ் வாங்கினானாம் சார்?"

அவர் விரல் வைத்துப் படித்தார். "'அப்பாவிடம் கேட்டேன். சம்மதிக்கவில்லை.'"

"அவன் கேக்கவே இல்லையே சார்!" என்று வாய் முந்திக்கொண்டது.

எழுத்தர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனாவைக் கையில் எடுத்தார். "கேக்கலையா? அப்போ பதிவேட்டுல பொய் எழுதியிருக்காரா? அது தனி விசாரணை. நிரூபணமானா முப்பது நாள் தனி அறை, அப்புறம் பயிற்சி முதல்லேர்ந்து. விண்ணப்பம் எப்படியும் திரும்பி வராது. யோசிச்சுச் சொல்லுங்க. கேட்டாரா, இல்லையா?"

கேட்கவில்லை என்றால் பையனைத் தனி அறையில் போடுவார்கள். கேட்டான் என்றால் ஏழு வருஷத்துக்கு நானே பூட்டுப் போட்டதாக ஆகும். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பது இதுதான். ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று விளங்கியது. பையன் பொய் எழுதவில்லை. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டான். அதற்குமேல் ஒரு பிள்ளை எப்படிக் கேட்பான்? நான்தான் சிரித்தேன்.

துளைக்கு நேராகக் குனிந்தேன். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னேன்.

"கேட்டான் சார். நான் சம்மதிக்கல."

"இந்தப் பக்கம் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் முதுகைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன். எழுத்தர் தலையாட்டி, பையன் எழுதியிருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லிப் பதிவேட்டைத் தள்ளினார். போட்டேன்.