சாத்தியிருந்த கதவு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. பயந்துபோன மனிதர் ஒருவரின் கதை இது. பக்கத்தில் நாலு பேர் இருந்தால்தான் எனக்கும் சொல்ல வாய் வரும்.

கண்டக்டர் தன் மனைவியின் காலுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் அவளுடைய கணினி ஒலித்தது. கூடத்தில் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"நேத்துலேருந்து அடிச்சுக்கிட்டே இருக்கு அத்தான். போய் என்னன்னு பாருங்க, இல்லேன்னா நிறுத்தித் தொலைங்க," என்றாள் மைத்துனி.

அவர் எழுந்திருக்கவில்லை. சாக்ஸின் குதிகாலைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார்.

காலமெல்லாம் பஸ்ஸில் கத்திய தொண்டை அவருடையது. அவளோ மனநல சமூகப் பணியாளர். மனசு ஒடிந்தவர்களைக் கணினித் திரையில் பார்த்துப் பேசி வழி சொல்கிறவள். பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. இன்றைக்கு வாசல்வரை போங்கள், நாளைக்குத் தெருமுனை, அவ்வளவுதான். வருகிறவர்கள் சொல்வது வேறு யார் காதிலும் விழக் கூடாது. அதனால் அவள் ஹெட்போன் மாட்டிக்கொள்வாள், கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்கு வெளியே மேசை விசிறியை இரைய விடுவது கண்டக்டரின் வேலை.

"உன் ரகசியத்துக்கெல்லாம் நான்தான் காவல்," என்பார்.

"காவல்காரர் முதல்ல டிவி சத்தத்தைக் குறைங்க," என்பாள்.

நேற்றும் விசிறி இரைந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நேரம் தாண்டியும் அவள் வெளியே வரவில்லை. சாத்திய கதவைத் தட்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம், தட்டவில்லை. கடைசியில் மனசு கேட்காமல் திறந்தபோது அவள் நாற்காலிக்குக் கீழே கிடந்தாள்.

"இதயம் நின்னுடுச்சு. யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது," என்றார் டாக்டர். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் கண்டக்டர் இரவைக் கடத்தினார். ஆனால், தன்னைக் கூப்பிட்டிருப்பாளோ? அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர், அப்போது திரையில் அவளோடு பேசிக்கொண்டிருந்தவர். அந்த ஆள்தான் இப்போது அழைத்துக்கொண்டிருக்கிறார்.

மறுபடி ஒலித்தது. எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தினார். ஹெட்போன் வயரைக் கழற்றிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

சவரம் செய்யாத ஒரு முகம். பழக்க தோஷத்தில் கண்டக்டர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவளிடம் பேச வருகிறவர்களின் முகத்தை அவர் பார்த்ததே கிடையாது.

"அக்கா எங்க சார்? நான் லாரி டிரைவர். ஒரு விபத்துக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட முடியல, அக்காதான் எனக்கு... அக்கா எப்படி இருக்காங்க?"

"நான் அவ வீட்டுக்காரர்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைக் காலரை இழுத்துக் கடித்துக்கொண்டார்.

"கத்தினேன் சார். அவங்க காதுல ஹெட்போன், என் சத்தம் எங்க வெளிய வரும்? உங்க விலாசமும் தெரியாது. எனக்குப் படபடங்குது, எனக்குப் படபடங்குதுன்னு நான்தான் புலம்பிக்கிட்டிருந்தேன். அவங்க நெஞ்சைப் பிடிச்சதைக் கவனிக்கவேயில்ல. என்னாலதான் சார்."

கண்டக்டர் மேசை விளிம்பை இறுகப் பற்றினார். கேட்காமலே வெளியே போய்விடலாம்.

"என்னைக் கூப்பிட்டாளா?"

டிரைவர் திரையிலிருந்து பார்வையை விலக்கினார். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"மழுப்பாதீங்க தம்பி."

"கூப்பிட்டாங்க. ஒரே தடவை. கதவைப் பார்த்து."

கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம்?"

"என் பக்கம் திரும்பி, 'பயப்படாதீங்க'ன்னாங்க. எனக்குச் சொன்னாங்களா, தனக்கே சொல்லிக்கிட்டாங்களா, தெரியல சார்."

வாசலில் வண்டி வந்து நின்றது. மைத்துனி கதவைத் தட்டினாள். "அத்தான், எடுக்கணும். எல்லாரும் நிக்கிறாங்க."

டிரைவரின் உதடு வெளுத்துப் போயிருந்தது. "கட் பண்ணிடாதீங்க சார். பயமா இருக்கு."

கண்டக்டருக்கு அவளுடைய வேலை தெரியாது. ஒரு வார்த்தைகூட ஒட்டுக்கேட்டதில்லை.

"நான் கதவுக்கு வெளியிலேயேதான் இருந்தேன் தம்பி. எனக்கே கேக்கல," என்றார் மெதுவாக. பிறகு, "வீட்ல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி. பின்னாடி துணி துவைக்கிறா. அவகிட்ட ஒண்ணும் சொல்லல."

"கூப்பிடுங்க."

"பயந்துடுவா சார்."

"பயப்படட்டும். கூப்பிடுங்க."

டிரைவர் திரும்பிக் கூப்பிட்டார். குரல் பிசிறியது. எங்கோ தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் வந்தது.

"கேக்கல போல."

"கடைசி சீட்டுக்குக் கேக்கணும்னா இப்படியாய்யா கூப்பிடுவாங்க? அடிவயித்துலேருந்து கூப்பிடுங்க!"

அவர் போட்ட சத்தத்தில் கூடம் அடங்கிப்போயிற்று. டிரைவர் கத்தினார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கதவு மறுபடி தட்டப்பட்டது. "வரேன்," என்றார் கண்டக்டர், அசையவில்லை. திரையின் ஓரத்திலிருந்து சோப்பு நுரையோடு ஒரு கை நீண்டு வந்து டிரைவரின் தோளில் பதிந்தது. அதற்குப் பிறகுதான் கண்டக்டர் எழுந்தார்.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு 'இதோ வந்துட்டேன்' என்று எந்நாளும் ஒரு பதில் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.