துரை, முகம்

இந்த ஊரில் தினமும் லட்சம் பேர் என் குரலைக் கேட்கிறார்கள். என் வீட்டில் மூன்று பேர் கேட்பதில்லை. நகர ரயிலில் ‘டிங் டாங்’ என்று மணி அடித்ததும் ஒருத்தி பேசுவாளே, அடுத்த நிலையம் எது, எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்று, அவள் நான்தான். நான் சொன்னால் கூட்டம் இறங்கும், நான் சொன்னால் நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். அதே நான் வீட்டில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாலும் ஒரு செருப்பு இடம் மாறாது.

மூத்தவளுக்கு ஏழு வயது. வக்கீல் என்று கூப்பிடுவோம். குளிக்கப் போ என்றால் நேற்றுக் குளித்ததற்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற ஜாதகம். சின்னவனுக்கு நாலு. யார் பேச்சையும் கேட்காமல் எல்லாருக்கும் உத்தரவு போடுகிறான் என்று நான்தான் அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தேன். அவனுக்கும் எனக்கும் நாள் முழுக்க நடக்கிற சண்டை அவன் முகத்தைப் பற்றியது. எதைத் தின்றாலும் பாதி வாய்க்கு, பாதி கன்னத்துக்கு. “துரை, முகத்தைத் துடை” என்று சொல்லிச் சொல்லி அலுத்து, அது தேய்ந்து, “துரை, முகம்!” என்று ஆகிவிட்டது. நான் கத்துவேன், அவன் அதே முகத்தோடு அடுத்த அறைக்குப் போவான்.

என் வீட்டுக்காரர் முடிதிருத்துகிறவர். கத்தரியும் கையுமாக ஆட்களை அசையாமல் உட்கார வைத்தே பழகியவர். குரலை உயர்த்தத் தெரியாது. கடைக்கு விடுமுறை நாளில் பிள்ளைகளை மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. கிளம்புகிற நேரத்தில் ஒருத்தி ஒற்றைச் செருப்போடு வாதாடுகிறாள், இன்னொருத்தன் கட்டிலுக்கு அடியில் ஜாம் பாட்டிலோடு குடித்தனம் நடத்துகிறான். நான் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருக்கிறேன். அப்போது இந்த மனுஷர் நிதானமாகச் சொன்னார்.

“நீ கத்திக் கத்தி உன் குரலே அவங்க காதுல விழறதில்ல. இன்னைக்கு ஒருநாள் வாயத் திறக்காம வா. நான் பாத்துக்கறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. குரலை விற்றுச் சோறு தின்கிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? சரி, வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று, மீன் காட்சியக வாசல் வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன், நீங்களே மேய்த்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். பெற்றவள் சொல்லைப் பிள்ளை கேட்பானா மாட்டானா என்பது மற்றவர்களுக்கு வேண்டுமானால் அற்ப விஷயமாக இருக்கலாம். எனக்கு அன்றைக்கு அதுதான் மானப் பிரச்சினை.

பிள்ளைகளுக்கு அதுதான் முதல் ரயில் பயணம். எங்கள் பக்கத்துக்குப் புதிதாகத் தடம் போட்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் அவர் துரையின் கையில் ஒரு சாக்லேட்டைக் கொடுத்து அடக்கினார். இதுதான் பிள்ளை வளர்க்கிற லட்சணமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

டிங் டாங் அடித்தது. நான் பேசினேன், மேலே இருந்து. கீழே இருந்த நான் வாயை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

துரை சாக்லேட் முகத்தோடு அண்ணாந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி மேலே பார்த்தான். அம்மா அங்கே இருக்கிறாளா என்று அக்காவிடம் ரகசியமாகக் கேட்டான். அம்மா எல்லா ரயிலிலும் இருக்கிறாள், அவள் சொன்னபடி கேட்காவிட்டால் போலீஸ் பிடிக்கும் என்று வக்கீல் தீர்ப்பே சொல்லிவிட்டாள். அப்போதே நான் திருத்தியிருக்கலாம். ஆனால் நான்தான் மௌனச்சாமி ஆயிற்றே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

அந்தக் குரலைப் பதிவு செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. வளையல் போடக் கூடாது, காகிதம் சலசலக்கக் கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு வரிக்கும் “இன்னும் கொஞ்சம் கோபத்தைக் குறைங்க” என்பார். அப்படிக் குறைத்துக் குறைத்து வடிகட்டி எடுத்த குரல் அது. ஒரு நிலையத்தின் பெயருக்கு மட்டும் பெரும் பாடாகிவிட்டது. வல்லின ‘ற’ அழுத்தமாக விழவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். எவ்வளவு அழுத்தினால் என்ன? நாலு வயதுக் காதுக்கு எந்த ற, எந்த ர?

டிங் டாங். “துறைமுகம். இறங்கவும். கதவு வலப்பக்கம் திறக்கும்.”

எதிரே நின்ற ஒருவரின் பிடரியை யாரோ கோணலாக வெட்டியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதையே வேதனையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்து மூடி வண்டி நகர்ந்த பிறகுதான் வக்கீல் என் முந்தானையை இழுத்தாள்.

“அம்மா, துரை இறங்கிட்டான். நீதான இறங்கச் சொன்ன?”

கண்ணாடிக்கு வெளியே நடைமேடையில் அவன் சின்னச் சட்டை பின்னால் போய்க்கொண்டிருந்தது. நான் கதவைப் போட்டு அடித்தேன், கத்தினேன். பூட்டும் சாவியும் எங்கே போனதோ. மேலே இருந்து நான், தேனொழுக, “பயணம் இனிதாக அமையட்டும்” என்றேன். அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. அவர் அவசரப் பொத்தானை அழுத்தி ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னார். கடவுளே, என் பேச்சை அவன் ஜென்மத்துக்கும் கேட்க வேண்டாம், முகத்தைக் கழுவவே வேண்டாம், பிள்ளை மட்டும் கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த நிலையத்தில் குதித்து இறங்கி, எதிர்வண்டி பிடித்துத் திரும்பி வந்தோம். கதவு முழுசாகத் திறக்குமுன்னே நான் வெளியே இருந்தேன். படியேறி இறங்கி எதிர்ப்பக்க நடைமேடைக்கு ஓடினோம்.

அங்கே நின்றுகொண்டிருந்தான். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், இரண்டு காலையும் ஒட்டி வைத்து, விறைப்பாக. சாக்லேட் முழுவதும் சட்டைக்குப் போயிருந்தது. முகம் மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தது. அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு சுத்தமாக நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஒரு காவலாளி கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு கண் கலங்கி நின்றிருந்தார். பெஞ்சுக்கு வரச் சொன்னாராம். அம்மா கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள் என்று அசையவே மாட்டேன் என்றானாம். அம்மா எங்கே என்று கேட்டதற்குக் கையை மேலே காட்டியிருக்கிறான். ஒலிபெருக்கியைத்தான் காட்டினான், அந்த நல்ல மனுஷர் வானத்தை என்று எடுத்துக்கொண்டார். நான் உயிரோடு ஓடி வந்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

நான் அவனை வாரி எடுத்து அழுதேன். வாய் விட்டுத்தான் அழுதேன். அவன் என் தோளில் இருந்தபடியே புகார் படித்தான்.

“துரை, முகம்னு சொன்ன, தொடைச்சேன். இறங்குன்னு சொன்ன, இறங்கினேன். நீ ஏம்மா இறங்கல?”

நான் அவனை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

“தப்பு அம்மா மேலதான், தங்கம்” என்று என் வீட்டுக்காரரே தொடங்கினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பு எல்லார் மேலும்தான் என்று மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை.

மீன் காட்சியகத்துக்குப் போனோம், போகாமல் என்ன. கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் துரை வெகுநேரம் நின்று, இந்த மீனும் உன்னை மாதிரி வாயை வாயைத் திறக்கிறது, ஆனால் சத்தம் வரவில்லை, நல்ல மீன் என்றான். வக்கீல் மீன்களுக்குத் தூக்கம் உண்டா என்று அங்கிருந்த ஊழியரைக் குறுக்கு விசாரணை செய்து அவர் உயிரை வாங்கினாள். நான் அவன் கையை ஒரு நொடியும் விடவில்லை. வியர்த்து வழுக்கியபோது கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது வண்டியில் ஒரே நெரிசல். அவனுக்கு மட்டும் ஒரு இடம் கிடைத்தது. குனிந்து அவன் காதில் விளக்கமாகச் சொன்னேன்: மேலே பேசுவதும் அம்மாதான், ஆனால் அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது, கை கிடையாது, கையைப் பிடித்திருக்கிற அம்மா சொன்னால்தான் இறங்க வேண்டும். அவன் பெரிய மனுஷன் போலத் தலையாட்டினான்.

டிங் டாங். “துறைமுகம். இறங்கவும்.”

சடாரென்று எழுந்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். திறந்த கதவைப் பார்த்தான். என் பிடிக்குள் இருந்த கை ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு நின்று, என்னை அண்ணாந்து பார்த்தான்.

“உக்காருடா, செல்லம்” என்றேன்.

அவன் உட்காரவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ மணி அடிக்கலையே” என்றான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக நான் மணி அடிக்காமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கதவு இன்னும் திறந்தே இருந்தது. சுற்றிலும் ஜனம். வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது என்று நிமிர்ந்து நின்று, கோபத்தையெல்லாம் வடிகட்டிவிட்டு, அந்தப் பஞ்சு அறையில் பேசிய அதே குரலில் சொன்னேன்.

“டிங் டாங். துரை. தயவுசெய்து இருக்கையில் அமரவும்.”

துரை உட்கார்ந்தான். எழுந்து கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரும் பதறிப்போய்த் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.