பாதி மாத்திரை

1

இந்தக் கதையை எழுதக் காரணம் கலை ஆர்வம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். பொய். என் பெயர் சஞ்சய். போன வருடம், 2008இல், பெங்களூரு குடும்ப நீதிமன்றத்தில், என்னோடு இரட்டையாய்ப் பிறந்த ஜூடித்துக்காக ஒரே ஒரு வாக்கியம் சொல்லக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து ஆரம்ப வரிகளை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: 'லிங்கராஜபுரத்தில் அன்று மழை—'

(வேண்டாம். மழை பெய்தால் வாசகருக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும்.)

இரண்டாவது: 1991. எங்களுக்குப் பதினோரு வயது. வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறேன் என்று அம்மா டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"ரெண்டும் இப்படித்தான் டாக்டர். பொண்ணும் ஒரு எடத்துல நிக்க மாட்டா."

"பொம்பளப் பசங்களுக்கு இதெல்லாம் வராதும்மா," என்று சிரித்துவிட்டு, என் பெயருக்கு மட்டும் சீட்டு எழுதினார். மூளையை முடுக்குகிற மருந்து. ஓடுகிற பிள்ளையை உட்கார வைக்க அதைத்தான் கொடுப்பார்களாம்.

அம்மா எங்களுக்குள் எதிலும் பேதம் பார்க்காதவள். பன் வாங்கினாலும் பாதிப் பாதி. மாத்திரையையும் கத்தியால் இரண்டாக நறுக்கினாள். மூன்று வருடம். சீட்டில் நான் மட்டும்; விழுங்கியது இரண்டு பேர். 98இல் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஜூடித் சொன்னால் தன் வழக்குக்காகச் சொல்கிறாள் என்பார்கள். மிச்சமிருந்த சாட்சி நான்தான்.

3

(கொஞ்சம் கட்டுரை மாதிரி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சின்ன வயதில் இந்த மருந்து உள்ளே போனால், வளர்ந்த பிறகு 'கொஞ்சம் பொறு' என்று தன்னையே நிறுத்திக்கொள்ளும் சக்தி மாறுமா? ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரியா? தேடிப் படித்தேன். எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஆய்வு சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. நான் படித்த பலவற்றில் பெண் எலியே கிடையாது.*

ஆகவே மருந்தால்தான் இப்படி ஆனோம் என்று எழுத முடியாது. இப்படி ஆனோம் என்று எழுதலாம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்று வேலைகளை நின்ற நிலையில் உதறினேன். ஒரு மேனேஜர்மேல் கீபோர்டை வீசினேன். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் 'ரோஷக்காரன்'.

ஜூடித் ஒரு புதன்கிழமை புருஷனோடு சண்டை போட்டுவிட்டு, ஆறு வயது மகள் சிந்துவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மைசூருக்குப் பஸ் ஏறினாள். மறுநாளே திரும்பிவிட்டாள். அவளுக்கு வைத்த பெயர் 'அடங்காதவள்'. பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லிப் புருஷன் வழக்குப் போட்டான்.

* அந்த டாக்டரின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

4

ஜூடித் என் அறைக்கு வந்தாள். அவள் கண்களில்—

(இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். அவள் அழவில்லை.)

"பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்டா. ரெண்டு பேரும் மாத்திரை சாப்ட்டோம், ரெண்டு பேரும் இப்படித்தான். அவ்ளோ சொல்லு. சின்ன வயசுப் ப்ராப்ளம், ட்ரீட்மெண்ட் எடுத்துக்கலாம்னு ஜட்ஜுக்குப் புரியும்னு வக்கீலம்மா சொல்றாங்க. கெட்ட பொம்பளன்னு எழுத மாட்டாங்க."

"எனக்கு நிச்சயம் ஆயிருக்குடி. உஷா வீட்ல தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன? உன்ன ரோஷக்காரன்னு சொல்வாங்க. எனக்குப் புள்ள போயிரும்டா."

5

முடிவு அ: கூண்டில் ஏறி உண்மையைச் சொல்கிறேன். சிந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு—

(எழுதிப் பார்த்தேன். கை கூசியது.)

முடிவு ஆ: "உங்கள் தாயார் ஜூடித்துக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்தாரா?"

"ஞாபகம் இல்லை."

நடந்தது இதுதான். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வாழ்நாளில் நான் என்னை அடக்கிக்கொண்ட ஒரே தருணம் அது.

சிந்து அப்பாவிடம் போனாள். அம்மாவுக்கு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கல்யாணம் நடந்தது.

6

உஷா தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. சிந்துவுக்குப் பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான். அந்த நீதிபதிக்கும் தமிழ் வராது. இந்த ஊரில் ஒரு விஷயத்தை எழுதி ஒளித்துவைக்கத் தமிழைவிடப் பத்திரமான இடம் இல்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்கிறேன். ஜூடித்துக்குத் தமிழ் படிக்க வரும். அவளுக்கு அனுப்பவில்லை.

மேல்முறையீடு செய்யப்போகிறாளாம். என்னைக் கூப்பிட மாட்டாள்.

நீங்கள் கடைசிவரை படித்துவிட்டீர்கள். இப்போது உங்களுக்கும் தெரியும். உங்களைக் கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள்?