ஜூலையில் தடித்த ஜக்கெட்

எங்கள் வீட்டு லப்டொப் என் குரலில்தான் பேசும். நான் வேலைக்குப் போன பிறகு என் புருஷன் மதீசனை மேய்ப்பது அதுதான். "மதி, குளிசை போடுங்கோ", "மதி, சாப்பாடு மைக்ரோவேவில இருக்கு" என்று நேரத்துக்கு நேரம் அலாரம் அடித்துக் கத்தும். அவர் வந்து விசையை அழுத்தும்வரை விடாது. நானே அவ்வளவு விடாப்பிடி இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. உயிர் தப்பினார். பழையதெல்லாம் அப்படியே இருக்கிறது, எங்கள் கலியாணத்தில் என் சித்தப்பா போட்ட சண்டை உட்பட. புதிதாக ஒன்றும் ஒட்டாது. இப்போது சொன்னதைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் மறந்துவிடுவார். கைபேசி சரிவரவில்லை, அதை எங்கே வைத்தார் என்பதே மறந்துபோகும். அதனால்தான் பாவித்த லப்டொப் ஒன்றை வாங்கிக் குசினி மேசையில் குந்த வைத்தேன்.

இது முதியோர் இல்லத்தில் என் அவுஸ்பில்டுங்கின், அதாவது தொழிற்படிப்பின், கடைசி வருடம். மத்தியானம் மகள் சுஜானியைக் கிண்டர்கார்டனில் இருந்து கூட்டிவர வேறு ஆளில்லை. அது எங்கள் தெருவிலேயே இருக்கிறது, றோட்டைக் கடக்கவும் தேவையில்லை. திரும்பி வரப் பிள்ளைக்கே வழி தெரியும். அங்கே பொறுப்பாக இருக்கும் ஜெர்மன்காரி யோசித்து யோசித்துத்தான் சம்மதித்தாள். "ஒரு நாள் அவர் வராவிட்டாலும் இந்த ஏற்பாடு முடிந்தது" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு நாள் வந்தால் நான் படிப்பை விட வேண்டியதுதான்.

பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லும் அலாரத்தை ஜனவரியில் பதிந்தேன். "மதி, எழும்புங்கோ. தடிச்ச ஜக்கெட்டைப் போடுங்கோ. திறப்பை எடுங்கோ. பிள்ளையின்ர வாசல்ல போய் நில்லுங்கோ." அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. "ஐயோ, பால்!" என்று நான் அலறியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. மாற்றலாம் என்று போனால் மதிக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் விடவில்லை. அதே சொல், அதே வரிசை, எதையும் தொடக்கூடாதாம். அதனால் ஜூலை வெயிலிலும் தடித்த ஜக்கெட்டோடு வியர்க்க வியர்க்கப் போனார். தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், என் பிள்ளை ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தாள்.

அவர் விசையை அழுத்தினால் என் கைபேசிக்கு ஒரு செய்தி வரும். அந்த ஜூலையில் ஒரு நாள் அது வரவில்லை. வீட்டுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஒரு கிழவிக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. காலையில் சோற்றுக் குக்கரைச் செருகுவதற்காக லப்டொப் வயரைக் கழற்றியது நான்தான். திருப்பிச் செருகவில்லை. அதன் பற்றரி செத்துப் பல காலம்.

நல்லவேளை, ஜக்கெட் போடவே அவருக்கு நேரம் எடுக்கும் என்று அலாரத்தை அரை மணித்தியாலம் முந்தி வைத்திருந்தேன். வேலையிடத்தில் சொல்லிவிட்டு ஓடினேன். வுப்பர்டாலின் தொங்கு ரயில் அன்றைக்குப் பார்த்து ஊர்ந்தது. வீட்டுக் கதவைத் திறந்தால் லப்டொப் கறுத்துப்போய்க் கிடந்தது. கட்டிலில் மதி இல்லை, குளியலறையில் இல்லை. ஸ்டேஷன், ஆற்றங்கரை என்று மனம் போகக் கூடாத இடமெல்லாம் போனது. பிறகுதான் உடுப்பு மாட்டும் கொழுவியைப் பார்த்தேன். ஜக்கெட் இல்லை. வீட்டுத் திறப்பும் இல்லை.

திரும்பவும் தெருவுக்கு ஓடினேன். கிண்டர்கார்டன் வாசலில் அந்த ஜக்கெட் கழுத்துவரை இழுத்துப் பூட்டியபடி நின்றது. உள்ளே மதி. அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு சுஜானி. ஜெர்மன்காரி வழக்கம்போலக் கை காட்டிவிட்டு உள்ளே போனாள்.

"ஆர் உங்களைப் போகச் சொன்னது?" எனக்கு மூச்சு வாங்கியது.

"நீர்தான்," என்றார், இது என்ன கேள்வி என்பது போல.

"லப்டொப் இண்டைக்கு வேலை செய்யேல்லையே!"

"எந்த லப்டொப்?"

அது காய்ச்சலுக்குப் பிறகு வந்த சாமான். அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"சரி, நான் என்ன சொன்னனான்?"

அவர் சொன்னார். என் இழுவையோடு, என் எரிச்சலோடு சொன்னார். "மதி, எழும்புங்கோ. தடிச்ச ஜக்கெட்டைப் போடுங்கோ. திறப்பை எடுங்கோ. பிள்ளையின்ர வாசல்ல போய் நில்லுங்கோ. ஐயோ, பால்!"

நேற்றையும் இன்று காலையையும் வைத்திருக்க முடியாத தலை அது. அதற்குள் என் குரல் எப்படியோ புகுந்து இடம் பிடித்து, வெயிலை வைத்தோ வயிற்றுப் பசியை வைத்தோ, நேரம் தவறாமல் தானாக அடித்திருக்கிறது. டொக்டர்மாரிடம் இதற்கு ஒரு பெயர் இருக்கும். எனக்கு அந்தத் தெருவிலேயே அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிடவில்லை. வியர்த்து வழிந்த அந்த முகத்தைத் துடைத்து, ஜக்கெட்டின் பூட்டை மெல்லக் கீழே இறக்கிவிட்டேன்.

நாலு எட்டு வைத்ததும் மதி நின்றார். முகத்தில் உண்மையான கவலை.

"கஜந்தி, அடுப்பை நிப்பாட்டிப்போட்டே வந்தனீர்?"

"ஓம் மதி," என்றேன். "நிப்பாட்டிப்போட்டுத்தான் வந்தனான்."